பறக்கும் முன் இரண்டு நிமிடம்... ரிமோட் விமானத்தைக் காப்பாற்றும் தரைச் சோதனைகள்!

விழுந்த ரிமோட் விமானத்தைத் தேடி மைதானத்தின் மறுகோடிக்கு ஓடுபவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். "சிக்னல் போயிடுச்சு", "காத்து கவுத்துடுச்சு". சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், உடைந்த பாகங்களைப் பொறுக்கி வந்து நிதானமாகப் பார்த்தால் பல நேரம் வேறு கதை தெரியவரும். இறுக்காமல் விட்ட ஒரு ஸ்க்ரூ, ஏற்கெனவே ஒருமுறை பறந்து காலியான பேட்டரி, தப்பான பக்கம் அசையும் ஒரு மடல்... விமானம் மேலே போவதற்கு முன்பே, தரையிலேயே விபத்து தயாராகக் காத்திருந்திருக்கும்.

ரிமோட் விமானம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. என்.சி.சி-யின் விமானப் பிரிவில் ஏரோமாடலிங் ஒரு பயிற்சியாகவே இருக்கிறது. நடிகர் அஜித்குமாருக்கு ரிமோட் விமானங்கள் மீதுள்ள ஆர்வம் ஊரறிந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்‌ஷா' டிரோன் குழுவுக்கு அவர் ஆலோசகராகவும் இருந்திருக்கிறார். எடை குறைந்த ஃபோம் விமானங்கள் ஆன்லைனில் கிடைக்கத் தொடங்கிய பிறகு, பள்ளி மாணவர்கள் முதல் பணி ஓய்வு பெற்ற தாத்தாக்கள் வரை ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

'விளையாட்டு விமானம்தானே' என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள விமானம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒருவர் மீது மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே எடையுள்ள பொருள் சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து, தலையில் விழுவதற்குச் சமம் அது. மாதக்கணக்கில் சேர்த்த காசு போவது ஒருபக்கம் என்றால், வேடிக்கை பார்க்க வந்த குழந்தைக்குக் காயம்பட்டால் அதை எந்தக் காசாலும் ஈடுகட்ட முடியாது.

பெரிய விமானங்களே தப்பவில்லை!

பறக்கும் முன் சோதிப்பது கற்றுக்குட்டிகளுக்கான விஷயம் என்று நினைப்பவர்கள் 1935-ம் ஆண்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர் 30-ம் தேதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரைட் ஃபீல்டு தளத்திலிருந்து போயிங் நிறுவனத்தின் புதிய 'மாடல் 299' குண்டுவீச்சு விமானம் சோதனைக்காகக் கிளம்பியது. மேலே எழுந்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு போய், நிலைகுலைந்து விழுந்து எரிந்தது. இருவர் இறந்தார்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் மடல்கள் அடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காகப் போடும் பூட்டை யாரும் எடுத்துவிடவில்லை. விமானத்தில் எந்தக் கோளாறும் இல்லை. அதை ஓட்டியவர்களும் அனுபவசாலிகள்தான்.

அந்த விபத்துக்குப் பிறகுதான் விமானிகளுக்கான 'செக்லிஸ்ட்' முறை அழுத்தமாக வேரூன்றியது. செய்ய வேண்டியவற்றை நினைவில் வைத்துக்கொள்ளாமல், காகிதத்தில் எழுதி வரிசையாகப் பார்த்துச் சரிசெய்யும் எளிய முறை. விழுந்த அதே விமானத்தின் அடுத்தடுத்த வடிவங்கள்தான் 'பி-17' என்ற பெயரில் 12,000-க்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர் முழுக்கப் பறந்தன.

ரிமோட் விமானக்காரர்கள் அடிக்கடி செய்யும் இன்னொரு தவறு, 'தலைகீழ் மடல்'. இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் மடல்களை 'எய்லரான்' என்பார்கள். விமானத்தை வலப்பக்கமோ இடப்பக்கமோ சாய்ப்பது இவற்றின் வேலை. இவை மாறி இணைக்கப்பட்டிருந்தால், வலப்பக்கம் திருப்பும்போது விமானம் இடப்பக்கம் சாயும். பதறிப்போய் இன்னும் வலப்பக்கம் திருப்பினால், இன்னும் இடப்பக்கம் சாய்ந்து தரையைத் தொட்டுவிடும்.

இதற்கு உயிரைக் கொடுத்தவர்களில் ஒரு மேதையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற 'லங்காஸ்டர்' விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக், 1947 ஆகஸ்ட் 23-ம் தேதி இங்கிலாந்தின் உட்ஃபோர்டில், தான் உருவாக்கிய 'டூடர்' விமானத்தின் சோதனைப் பறத்தலில் பயணம் செய்தார். பராமரிப்பின்போது எய்லரான் இணைப்புகளை மாற்றிப் பொருத்தியிருந்தார்கள். கிளம்பிய சிறிது நேரத்தில் விமானம் விழுந்தது. சாட்விக்கும் சோதனை விமானியும் இறந்தவர்களில் இருந்தார்கள்.

அது பழைய காலம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2018 நவம்பர் 11-ம் தேதி, போர்ச்சுகலில் பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானா நிறுவனத்தின் எம்ப்ராயர் விமானத்திலும் இதே தவறு நடந்தது. எய்லரான் கேபிள்கள் மாறியிருந்தன. விமானி ஒருபக்கம் திருப்ப, விமானம் மறுபக்கம் சாய்ந்து, வானத்தில் குட்டிக்கரணம் அடிக்காத குறை. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் போராடி, போர் விமானங்கள் துணைக்கு வர, பேஜா விமான தளத்தில் இறக்கினார்கள். உள்ளே இருந்த ஆறு பேரும் பிழைத்தது பெரிய விஷயம்.

கண் ஏன் ஏமாறுகிறது?

ரிமோட் விமானத்தைப் பறக்கவிடும் யாரும் மடல்களை அசைத்துப் பார்க்காமல் கிளம்புவதில்லை. ஸ்டிக்கை நாலு பக்கமும் சுழற்றுவார்கள். எல்லா மடல்களும் அசையும். 'எல்லாம் வேலை செய்யுது' என்று கிளம்பிவிடுவார்கள். சிக்கலே அங்கேதான். கண் 'அசைகிறதா' என்றுதான் பார்த்தது. 'எந்தப் பக்கம் அசைகிறது' என்று பார்க்கவில்லை.

விமானத்தின் மூக்கு தன்னைப் பார்த்தபடி இருக்கும்போது சோதிப்பது அடுத்த தவறு. கண்ணாடியில் பார்ப்பதுபோல வலது, இடது குழம்பிவிடும். எனவே, எப்போதும் விமானத்தின் வால் பக்கம் நின்று, விமானம் பார்க்கும் திசையையே பார்த்தபடி சோதிக்க வேண்டும். ஒவ்வொரு அசைவையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

- எய்லரான் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால், வலது இறக்கையின் மடல் மேலே எழ வேண்டும். இடது மடல் கீழே இறங்க வேண்டும். 'எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ, அந்தப் பக்க மடல் மேலே' என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.
- எலிவேட்டர் ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்தால், வாலில் படுக்கைவாட்டில் இருக்கும் மடல் மேலே எழ வேண்டும்.
- ரட்டர் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால், வாலில் செங்குத்தாக நிற்கும் மடல் வலப்பக்கம் திரும்ப வேண்டும். முன்சக்கரம் திரும்பும் வகையாக இருந்தால், அதுவும் வலப்பக்கமே திரும்ப வேண்டும்.

இப்போது வரும் பல விமானங்களில், காற்றில் ஆடாமல் தானாகச் சமன்செய்யும் 'கைரோ' இருக்கிறது. ஸ்டிக் சரியாக இருந்தும் கைரோ தலைகீழாக இருக்க வாய்ப்புண்டு. அதனால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். கைரோவை இயக்கிவிட்டு, ஸ்டிக்கைத் தொடாமல் விமானத்தைக் கையில் பிடித்து வலப்பக்கம் சட்டென்று சாய்க்க வேண்டும். தாழ்ந்த வலது இறக்கையைத் தூக்கிவிட, வலது மடல் கீழே இறங்க வேண்டும். மூக்கைக் கீழே சாய்த்தால், வால் மடல் மேலே எழ வேண்டும். மாறி அசைந்தால், அந்த விமானம் அன்று பறக்கக் கூடாது.

நேற்று வரை சரியாக இருந்தது இன்று எப்படி மாறும்? சர்வோ மோட்டாரை மாற்றியிருக்கலாம். ரிசீவரில் ஒயர்களைக் கழற்றி மாட்டியிருக்கலாம். எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது ரிமோட்டின் நினைவகம். ஒரே ரிமோட்டில் பல விமானங்களின் அமைப்புகளைச் சேமித்து வைக்கலாம். திரையில் வேறு விமானத்தின் பெயர் இருப்பதைக் கவனிக்காமல் கிளம்பினால், அந்த விமானத்தின் திசைகளும் அளவுகளும் இந்த விமானத்துக்கு வந்துவிடும். எனவே, ரிமோட்டை ஆன் செய்ததும் முதலில் பார்க்க வேண்டியது திரையில் உள்ள பெயர்.

முதல் நாள் இரவே பாதி வேலை

மைதானத்தில் நின்றுகொண்டு செய்யும் வேலைகளில் அவசரம் புகுந்துவிடும். நண்பர்கள் காத்திருப்பார்கள், வெயில் ஏறும். அதனால் நிதானம் தேவைப்படும் வேலைகளை முதல் நாள் இரவே வீட்டில் முடித்துவிடுவது நல்லது.

ஒவ்வொரு மடலையும் விரலால் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். கீல் பிய்ந்துகொண்டு வந்தால், அது வீட்டிலேயே வந்துவிடட்டும். சர்வோவிலிருந்து மடலுக்குப் போகும் கம்பியின் இருமுனைகளும் உறுதியாக மாட்டியிருக்கின்றனவா, மோட்டார் ஸ்க்ரூக்கள் இறுக்கமாக இருக்கின்றனவா, புரொப்பெல்லரில் கீறலோ விரிசலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல் விட்ட புரொப்பெல்லரை ஒட்டிப் பயன்படுத்தவே கூடாது.

அடுத்து பேட்டரி. இந்த விமானங்களில் பெரும்பாலும் லித்தியம் பாலிமர் பேட்டரிகள்தான். ஒரு செல் முழுதாக சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட் காட்டும். மூன்று செல் பேட்டரி என்றால் 12.6 வோல்ட். உப்பிப்போன, அடிபட்டு நசுங்கிய பேட்டரியை மறுபடியும் பயன்படுத்தக் கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். மெத்தை, சோபா மீது வைத்து சார்ஜ் போடுவதோ, போட்டுவிட்டுத் தூங்கப் போவதோ கூடவே கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரியை விட்டுவிட்டுப் போவதும் ஆபத்துதான். ரிமோட்டுக்கும் பேட்டரி உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

வீட்டில் வைத்து மோட்டாரையோ ரிமோட்டையோ செட் செய்யும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிட வேண்டும். பத்து அங்குல புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றினால், அதன் நுனி மணிக்குச் சுமார் 380 கிலோமீட்டர் வேகத்தில் போகும். கூண்டு இல்லாத டேபிள் ஃபேனைவிட மோசமானது அது. கை தவறி த்ராட்டிலைத் தட்டிவிட்டால், விரல் போய்விடும்.

மூக்கா, வாலா... எது கனம்?

விமானம் எந்தப் புள்ளியில் சமமாக நிற்கிறது என்பது பறத்தலையே தீர்மானிக்கிறது. பயிற்சி விமானங்களில் இந்தப் புள்ளி, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் 25 முதல் 33 சதவிகிதத்துக்குள் இருப்பது வழக்கம். இறக்கை 20 சென்டிமீட்டர் அகலம் என்றால், முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6.5 சென்டிமீட்டர் தூரம். விமானத்தோடு வரும் குறிப்பேட்டில் தந்திருக்கும் அளவே இறுதியானது.

பேட்டரி உட்பட எல்லாவற்றையும் பொருத்திய பிறகு, இரண்டு பக்க இறக்கையின் அடியிலும் அந்தப் புள்ளியில் விரல் நுனியை வைத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். விமானம் சமமாகவோ, மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தொங்கினால் பறக்கவிடக் கூடாது. மூக்கு கனத்தால் விமானம் மந்தமாகப் பறக்கும். வால் கனத்தால், ஸ்டிக்கை லேசாகத் தொட்டாலே துள்ளி நிலைகுலைந்துவிடும். 'வால் கனத்த விமானம் ஒரே ஒரு தடவைதான் பறக்கும்' என்று அனுபவசாலிகள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பெரும்பாலும் பேட்டரியை ஓரிரு சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினாலே இது சரியாகிவிடும். நகர்த்திய இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால், அடுத்த வாரம் மறுபடி தேட வேண்டியதில்லை.

ரிமோட் முதலில், பேட்டரி பிறகு!

ஆன் செய்யும்போது முதலில் ரிமோட், அதன் பிறகுதான் விமானத்தின் பேட்டரி. த்ராட்டில் ஸ்டிக் அடிமட்டத்தில் இருக்க வேண்டும். நிறுத்தும்போது வரிசை அப்படியே தலைகீழ்: முதலில் விமானத்தின் பேட்டரியைக் கழற்ற வேண்டும், பிறகே ரிமோட்டை அணைக்க வேண்டும். பேட்டரியை மாட்டிய நொடியிலிருந்து புரொப்பெல்லர் எப்போது வேண்டுமானாலும் சுற்றும் என்ற நினைப்பு இருக்க வேண்டும். அதற்கு முன்னால் கையோ முகமோ போகக் கூடாது. மோட்டாரைப் பூட்டிவைக்கும் ஸ்விட்ச் ரிமோட்டில் இருந்தால், ஓடுபாதையில் நிற்கும் வரை அது பூட்டியே இருக்கட்டும்.

சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதையும் தரையிலேயே பார்த்துவிடலாம். பெரும்பாலான ரிமோட்டுகளில் இதற்கென்றே 'ரேஞ்ச் செக்' வசதி இருக்கிறது. அது சிக்னலின் சக்தியைக் குறைத்துவிடும். ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ரிமோட்டுடன் குறிப்பேடு சொல்லும் தூரத்துக்கு நடந்துபோய் (சுமார் 30 தப்படி என்பது பரவலான அளவு) மடல்களை அசைத்துப் பார்க்க வேண்டும். விட்டுவிட்டு அசைந்தால், பறக்கவிடக் கூடாது.

சிக்னல் அறவே போய்விட்டால் விமானம் என்ன செய்யும்? மோட்டார் தானாக நிற்கும்படி 'ஃபெயில்சேஃப்' அமைத்திருக்க வேண்டும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, ரிமோட்டை அணைக்க வேண்டும். மோட்டார் நின்றால் சரி. ஓடிக்கொண்டே இருந்தால், சிக்னல் போன அந்த விமானம் பேட்டரி தீரும் வரை எங்கோ போய்க்கொண்டே இருக்கும். அது யார் வீட்டு மாடியில், எந்தச் சாலையில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இடமும் காற்றும் முக்கியம்

விமானம் எப்போதும் காற்றை எதிர்த்தே கிளம்ப வேண்டும், இறங்குவதும் அப்படியே. கொஞ்சம் மண்ணையோ உலர்ந்த புல்லையோ தூவிப் பார்த்தால் காற்றின் திசை தெரிந்துவிடும். ஆடிக் காற்றில் புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஆசையைத் தள்ளிவைப்பது நல்லது. விடியற்காலையில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். சூரியன் முகத்துக்கு நேரே இல்லாதபடி நிற்க வேண்டும். மின்கம்பிகள், செல்போன் டவர், பட்டம் விடும் சிறுவர்கள், வட்டமிடும் பருந்துகள் எங்கே என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் அனைவரும் விமானத்தை ஓட்டுபவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

சட்டமும் உண்டு. 2021-ம் ஆண்டின் டிரோன் விதிகள், ஆளில்லாமல் பறக்கும் விமானங்களுக்கும் பொருந்தும். நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை தனியாக அனுமதி வாங்கத் தேவையில்லை. விமான நிலையங்களின் சுற்றுப்புறமும் ராணுவ, பாதுகாப்பு இடங்களும் கட்டுப்பாட்டுக்குள் வரும். மைதானம் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை அரசின் இணைய வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் விமானத்தையே வண்டியில் ஏற்ற வேண்டும்.

பாக்கெட்டில் ஒரு சீட்டு

இத்தனையையும் யாராலும் மனதில் வைத்துக்கொள்ள முடியாது. வைத்துக்கொள்ளவும் வேண்டாம். கீழே உள்ளதை ஒரு சீட்டில் எழுதி, ரிமோட் பையில் போட்டுவைத்தால் போதும்.

1. வான்வெளி, மைதானம், காற்று, ஆட்கள் - சரியா?
2. இறக்கை ஸ்க்ரூ அல்லது ரப்பர் பேண்டு, கம்பிகள், கீல்கள் - உறுதியா?
3. புரொப்பெல்லர் - கீறல் இல்லாமல், இறுக்கமாக இருக்கிறதா?
4. விமானம், ரிமோட் இரண்டின் பேட்டரியும் - முழு சார்ஜா?
5. பேட்டரி நகராதபடி கட்டியாகிவிட்டதா? சமநிலைப் புள்ளி சரியா?
6. ரிமோட் திரையில் இந்த விமானத்தின் பெயர்தானா?
7. ரேஞ்ச் சோதனை - முடிந்ததா?
8. வால் பக்கம் நின்று: வலது, இடது, மேல், கீழ் - திசை சரியா? கைரோ சரியா?
9. டைமர் - ஆன் செய்தாகிவிட்டதா?

பறந்து முடித்த பேட்டரியைப் புதிது என்று நினைத்து மறுபடி மாட்டுவது சகஜமான தவறு. சார்ஜ் ஏறிய பேட்டரிகளில் மட்டும் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவைத்து, மாட்டும்போது அதைக் கழற்றிவிட்டால் குழப்பமே வராது.

சோதனைக்கு நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தாலோ, போன் வந்தாலோ விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. 'இது பார்த்தோமா, இல்லையா' என்ற சந்தேகத்தில் மனம் 'பார்த்தாச்சு' என்றே சொல்லும். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பக்கத்தில் நண்பரோ, மகளோ, பேரனோ இருந்தால் சீட்டை அவர்கள் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். ஓட்டுபவரின் கண், தான் எதிர்பார்ப்பதையே பார்க்கும். அடுத்தவர் கண்ணுக்கு அந்த எதிர்பார்ப்பு இருக்காது. எட்டு வயதுக் குழந்தைகூட "தாத்தா, வலதுன்னு சொன்னீங்க, அந்தப் பக்கம் கீழ போகுதே" என்று கண்டுபிடித்துவிடும்.

ஒன்பதில் ஒன்று சரியில்லை என்றாலும் அன்று விமானத்தைத் தரையிலேயே வைத்துவிடலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் மைதானம் அங்கேயேதான் இருக்கும். பறப்பதற்கு விமானமும் முழுசாக இருக்கும்.